யாரு கேக்குறாங்க?

அத்தையிடம் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு கேள்விதான் திரும்பி வரும். "யாரு கேக்குறாங்க?" வயதைக் கேட்டாலும் அதுதான், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாலும் அதுதான். சனத்தொகைக் கணக்கெடுக்க வந்த சிங்கள உத்தியோகத்தர், "நம மொக்கத அம்மே?" என்று பெயரைக் கேட்டபோது, அவள் சிங்களத்திலேயே "கவுத அஹன்னே?" என்று திருப்பிக் கேட்டாள். யார் கேட்கிறார்கள் என்று அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை போலும். கொஞ்சம் யோசித்துவிட்டு, அரசாங்கம் கேட்கிறது என்றார். அத்தை தலையை ஆட்டிவிட்டு அரசாங்கத்துக்கு உரிய பெயரைச் சொன்னாள்.

அவளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பெற்றவர்கள் அவளுக்கு வைத்தது. மற்றது சின்ன வயதிலேயே செத்துப்போன அவளுடைய அக்காவுடையது. இரண்டையுமே நான் இங்கே எழுதப்போவதில்லை. ஹட்டனில் ஒரு லோயரம்மாவிடம் கிளார்க்காக இருக்கிறேன். ஒரு பெயரைக் காகிதத்தில் எழுதினால் என்னென்ன நடக்கும் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவள் தும்முவாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் பாதிப் பேரிடம் இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். அத்தைக்குப் பதினெட்டு வயது நடக்கும்போதே கையில் பிள்ளை. மாமா, அதாவது அவள் புருஷன், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது கால் சறுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாக ஏஜென்சிக்காரன் ஒருவன் வந்தான். வயது போதாது, கைக்குழந்தைக்காரியும் வேண்டாம் என்றான். பிறகு அவனே, "மூத்தவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டான். மூத்தவள் இருந்தாள், கடுதாசியில் மட்டும். வலப்பனைப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் வயிற்றோட்டம் கண்டு செத்த பிள்ளை. அங்கேயே புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவள் பிறந்ததைத் தோட்ட ஆஸ்பத்திரி மூலமாகப் பதிந்திருந்தார்கள். செத்ததைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிறப்புச் சான்றிதழைக் காட்டி அடையாள அட்டை எடுத்து, பாஸ்போர்ட் எடுத்து, அத்தை தன் அக்காவாக விமானம் ஏறினாள். அந்த அக்காவுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை.

அங்கே போன புதிதில் வாங்கிய அடியை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "மேடம் பேரு சொல்லிக் கத்துவா. அக்காவத்தானே கூப்புடுறா, நமக்கென்னன்னு நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன். அப்புறம் வந்து மண்டையில ஒன்னு போடுவா. அப்பதான் அது நாந்தானேன்னு ஞாபகம் வரும்." நாங்களும் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு அவள் தலையின் ஒரு பக்கத்தைத் தடவிக்கொள்வாள்.

அவள் திரும்பி வந்தபோது பெரியவள் சுகந்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். யார் கேட்டாலும் அம்மா கொழும்பில் வேலை செய்கிறாள், குவைத்தில் இருப்பது பெரியம்மா என்று சொல்லும்படி மாமா அவளைப் பழக்கியிருந்தார். யாராவது காட்டிக்கொடுத்தால் அங்கிருந்து பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். டெலிபோனில் பேசும்போதும் அப்படித்தான் கூப்பிட வைத்தார். பிள்ளை பாடத்தை நன்றாகவே படித்துவிட்டது. பெட்டியோடு வாசலில் வந்து நின்ற அத்தையைப் பார்த்து, "வாங்க பெரியம்மா" என்றது. எங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தைக்காக அத்தை பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தலை சீவிவிடுவாள், சோறு ஊட்டுவாள், இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். பிள்ளை நெளிந்துகொண்டே போகும். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தபோது சுகந்தி தானாகவே "அம்மா" என்றாள். மறுநாள் அத்தை லயம் முழுவதற்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "யாரு கேக்குறாங்க?" என்றாள்.

வந்தவுடன் சொந்தப் பெயருக்குத் திரும்பியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். சொந்தப் பெயரில் அவளிடம் ஓர் அடையாள அட்டைகூட இல்லை. கையில் இருந்தது அக்காவின் அட்டை. சின்னவள் நிரோஷா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அட்டை கேட்டார்கள், அதைத்தான் காட்டினாள். நடமாடும் சேவை என்று பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, பதியாமல் கிடந்த கோவில் கல்யாணங்களையெல்லாம் பதிந்துகொடுத்தபோதும் அதைத்தான் காட்டினாள். இப்படியாக, கடுதாசிப்படி மாமா அக்காவைக் கட்டியவர், தங்கச்சிக்கும் ஒரு பிள்ளை கொடுத்தவர் ஆனார். லயத்து ஆட்கள் அவரை ரெண்டு பொண்டாட்டிக்காரர் என்று கேலி செய்வார்கள். "ஒருத்திக்கே சீலை எடுத்துக் குடுக்க வக்கில்ல" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனுஷன். சுகந்திக்குக் கல்யாணமாகும் முன்பே நெஞ்சு வலியில் போய்விட்டார்.

சுகந்தியின் பிறப்புச் சான்றிதழில் மட்டும் தாயின் பெயர் என்ற இடத்தில் அத்தையின் சொந்தப் பெயர் இருந்தது. அதனால் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு எந்த ஆபீசுக்குப் போனாலும் வழி நெடுக ஒத்திகை நடக்கும். அவளுக்கு அடையாள அட்டை எடுக்கப் போன நாளில் நானும் கூடப் போனேன். பஸ்ஸுக்கு இறங்கும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா எங்கன்னு கேட்டா?"

"கொழும்புக்கு வேலைக்குப் போனாங்க. தகவல் இல்ல."

"இவங்க யாருன்னு கேட்டா?"

"பெரியம்மா. இவங்கதான் வளக்கிறாங்க."

"சிரிக்காம சொல்லு."

வேலை முடிந்து ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் ஒத்திகையின் மறுபாதி வரும். அத்தைக்கு அதுதான் முக்கியம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இப்ப யாரும் கேக்குறாங்களா?" என்பாள். "யாரும் கேக்கல." "அப்ப நான் யாரு?" "அம்மா." சொன்ன கையோடு சுகந்தி உள்ளங்கையை நீட்டுவாள். அத்தையின் மடியிலிருந்து ஒரு தோடம்பழ இனிப்பு வரும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று சலித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வாள். அந்தப் பதிலைச் சொல்லாமல் மட்டும் இனிப்பு கிடைக்காது.

கோவிலில்தான் அத்தை உள்ளதைச் சொல்வாள். "சாமி கேட்டா நெசத்ததான் சொல்லணும்" என்பாள். அர்ச்சனைக்குத் தன் சொந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயர் காதோரம் குனிந்து சொல்வாள். ஒரு திருவிழாவில் புதிதாக வந்த ஐயர் அதை மைக்கில் சொல்லிவிட்டார். அத்தை அர்ச்சனைத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா போய்த்தான் தட்டை வாங்கி வந்தார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். வீடு ஒன்று கிடைத்ததுதான் வினையாகப் போனது.

ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் வெடிப்பு விழுந்தது. மண் சரியும், இனி அங்கே இருக்கக்கூடாது என்றார்கள். கீழே ரோட்டோரமாகத் தனி வீடுகள் கட்டி, காணிக்கு உறுதிப் பத்திரமும் கொடுத்தார்கள். தோட்டத்துக்குச் சொந்தமான சுவருக்குள்ளேயே பிறந்து செத்த குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு வாசல். அத்தை வீட்டு உறுதியில் அக்காவின் பெயர் இருந்தது. சுகந்தியும் அவள் மகளும் அத்தையோடுதான் இருந்தார்கள். சுகந்தியின் புருஷன் கொழும்பில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே வருவதில்லை. நிரோஷாவை டிக்கோயாவில் ஓர் ஆட்டோக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது.

அத்தைக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில், வயிற்றில் இருப்பது பரவிவிட்டது என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து அவள் அழுததாகத் தெரியவில்லை. அழுதது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சின்ன மருமகன் வந்துபோன பிறகு.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மருமகன் மரியாதையாகத்தான் பேசினான். வாசலில் நின்று கூரையைப் பார்த்தான், பின்பக்கம் போய்க் காணியின் எல்லையைப் பார்த்தான், வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். "கவலப்படாதீங்க அத்தை. மதினிய நாங்க தெருவுலயா விடப்போறோம்? ஆனா ஒன்னு. கடுதாசிப்படி பாத்தா அவங்க ஒங்க தங்கச்சி மகதானே. நாளைக்கு வீடு நிரோஷாவுக்குத்தானே வரும்? அதான் இப்பவே பேசிக்கிடலாம்னு." நிரோஷா கால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி வாய் திறப்பாள் என்று சுகந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் சொன்ன பதிலை, வீட்டுக்குள்ளேயே ஒருவன் வந்து அத்தைக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அத்தைக்கு நிம்மதி இல்லை. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க" என்று ஆரம்பித்துக் கேட்டாள். தெரிஞ்ச ஒருத்தங்க செத்துப்போனா வீடு யாருக்குப் போகும்? வளர்த்த பிள்ளைக்கு வருமா? கிராம சேவகரிடம் கேட்டாள், தபால்காரரிடம் கேட்டாள், ஊசி போடும் மிஸ்ஸிடம் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் மூச்சு வாங்க என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா பெத்தவ யாருன்னு தெரியுமாமே புள்ள. நான் குடுக்கிறேன். எம்புட்டு வேணாலும் எடுத்துக்கட்டும்."

நான் உள்ளே போய் லோயரம்மாவிடம் கேட்டேன், எனக்குத் தெரிந்த ஒருவர் என்றுதான். லோயரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக ஹட்டனில் இருப்பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்து முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரத்தத்தில தாய் எண்டு தெரியும். சரி. பிறகு, நீங்கள் ஆர் எண்டு கேப்பினம். முதல்ல பாஸ்போர்ட் பொய். பிறகு கலியாணப் பதிவு பொய். சின்னப் பிள்ளையின்ர பதிவும் பொய். கடைசியா, அந்த வீட்டு உறுதி ஆருக்குக் குடுத்தது எண்டு வந்து நிக்கும். செத்த ஆளுக்கு வீடு குடுக்கேலாது தானே. ஒரு நூலை இழுத்தா முழு ஸ்வெட்டரும் கழண்டு போகும்."

"அப்ப அந்த வீடு, மிஸ்?"

"ஆருக்கும் இல்லாமல் போகும்."

மகள் என்று காட்டினால் வீடு போகும். வீட்டைக் காப்பாற்றினால் மகள் போவாள். வெளியே வந்து இதை அத்தையிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் சொன்னது ஞாபகமிருக்கிறது. "தப்பு செஞ்சது நாந்தானே. என்னைக் கொண்டுபோயி ஜெயில்ல போடச் சொல்லு. அவ என்ன செஞ்சா?" இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வாங்கில் இருந்த மற்ற ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒரு வழிதான் இருந்தது. உயிரோடு இருக்கும்போதே வீட்டைச் சுகந்திக்கு நன்கொடையாக எழுதிவிடுவது. ஆனால் அந்த மாதிரிக் காணியை உறவுக்காரர்களுக்குத்தான் எழுதலாம், என்ன உறவு என்று உறுதியில் போட வேண்டும் என்றார் லோயரம்மா. கடுதாசியில் இருந்த உறவு ஒன்றுதான்.

அவர்கள் வந்த அன்று ஹட்டனில் மழை. அத்தையைச் சுகந்தி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போடுகிறவருக்கு உறுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். "நான் வாசிக்கிறன் அம்மா, விளங்குதோ எண்டு சொல்லுங்கோ" என்று லோயரம்மா நிதானமாக வாசித்தார். எல்லைகள் வந்தன, ரோடு வந்தது, ஓடை வந்தது. பிறகு, "எனக்குள்ள அன்பின் பேரிலும் பட்சத்தின் பேரிலும், எனது சகோதரியின் மகளாகிய" என்று வாசித்து, சுகந்தியின் பெயரைச் சொல்லி, நிறுத்தி, "சரிதானே அம்மா?" என்றார்.

எத்தனை மேசைக்கு முன்னால் மூச்சு விடாமல் சொன்ன பதில். அன்றைக்கு அத்தை பேனாவை மேசையில் வைத்தாள். சுகந்தியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். உள்ளதைச் சொல்லிவிட்டால் லோயரம்மா அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தைத் தொடவே முடியாது.

"இல்லங்க," என்றாள் அத்தை. "இவ வந்து, என்னோட..."

"சரின்னு சொல்லுங்க பெரியம்மா."

சொன்னது சுகந்தி. குரல் நடுங்கவில்லை. சிரிப்பும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஒத்திகை பார்த்த குரல். லோயரம்மா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தை, "சரிங்க" என்று சொல்லி, பாஸ்போர்ட்டுக்காகப் பழகிய அக்காவின் கையெழுத்தைப் போட்டாள். சாட்சியாக நான் போட்டேன். இவரை நன்றாக அறிவேன் என்று அதில் இருக்கிறது. அறிவேன்தான்.

அவர்கள் படியிறங்கியபோது நான் வாசல் வரை போனேன். அத்தை சுற்றுமுற்றும் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் குடையை விரித்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். "கேப்பாங்க, கேப்பாங்கன்னு கொட்டகலை வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன்க்கா. கேக்கவே இல்ல" என்று சுகந்தி பிறகு சொன்னாள்.

வீட்டுக்குப் போன பிறகும் கேட்கவில்லை. அதுமட்டுமில்லை, சுகந்தி "அம்மா" என்று கூப்பிட்டபோது உதட்டில் விரலை வைத்தாளாம். "உறுதி பதிஞ்சு கைக்கு வரட்டும். அது வரைக்கும் வீட்டுலயும் பெரியம்மான்னே கூப்புடு. சின்ன மருமகன் காதுல விழுந்து, அவன் போயி ஏதும் எழுதிப் போட்டான்னா எல்லாம் வீணாப் போயிரும்." காணிப் பதிவுக் கந்தோரில் அவசரம் என்று ஒன்று கிடையாது. நானும் போய்க் கேட்டேன், லோயரம்மாவும் கேட்டார். வரும், வரும் என்றார்கள். அத்தை கட்டிலில் கிடந்தபடி நான் வரும்போதெல்லாம் என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். கை வெறுமையாக இருந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

உறுதி வருவதற்குள் நிலைமை முற்றிவிட்டது. கடைசிப் பால் ஊற்ற எல்லோரையும் கூப்பிட்டார்கள். நிரோஷா, "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே ஊற்றினாள். அவள் புருஷன் கட்டிலின் தலைமாட்டில் நின்றான். சுகந்தி கரண்டியை வாங்கினாள். பால் கழுத்தில் வழிந்தது. ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, "பாலு குடிங்க பெரியம்மா" என்றாள். அத்தையின் தொண்டை ஒரு தடவை அசைந்தது. நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். எந்தச் சட்டத்தின் மேலும் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

மரணத்தைப் பதிய நான்தான் சுகந்தியோடு போனேன். பதிவாளர் தமிழ் ஆள், அதிகம் கேட்கவில்லை. இறந்தவரின் பெயர் கேட்டார். சுகந்தி அக்காவின் பெயரைச் சொன்னாள். வலப்பனைப் பக்கம் புதைத்த அந்தப் பிள்ளை, அன்றைக்குத்தான் அரசாங்கக் கணக்கில் செத்தது. சொந்தப் பெயரில் அத்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.

"இறந்தவங்க உங்களுக்கு என்ன முறை?"

"பெரியம்மா," என்றாள் சுகந்தி.

வேலை முடிந்து வெளியே வந்தோம். தூறிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். பதிந்த உறுதி நேற்றுத்தான் வந்தது, என் பையில் இருக்கிறது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அத்தை பார்ப்பாளே, அதே மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இப்ப யாரும் கேக்கலதானேக்கா?"

"யாரும் கேக்கல."

"அம்மா," என்றாள், மழையைப் பார்த்து. பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.